குண்டு சிதறல் தப்பாக வருகிறதா? சுவரில் விழும் தடத்தைப் படித்துப் பிழையைப் பிடிப்பது

வீடியோ விளையாட்டுக்கு நீங்கள் எழுதும் மோடில் (விளையாட்டை மாற்றும் சேர்ப்பு நிரல்) துப்பாக்கியின் சிதறலில், அதாவது குண்டுகள் குறியிலிருந்து தற்செயலாக விலகுவதில், ஏதோ சரியில்லை என்று தோன்றினால் உடனே எண்ணை ஏற்றி இறக்கிப் பார்க்கத்தான் கை போகும். அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். ஒரு சுவரில் 200 குண்டு சுட்டுவிட்டு, விழுந்த தடம் என்ன வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வட்டமா, சதுரமா, ஒரே கோடா, நாலே நாலு புள்ளியா, ஒரு மூலைக்குச் சாய்ந்திருக்கிறதா? சிதறல் நிரலில் வரும் பிழைகள் பெரும்பாலும் தனித்தனி வடிவங்களைச் சுவரில் விட்டுப் போகும். வடிவம் தெரிந்தால் எந்த வரியைத் திறக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். எண்ணை மாற்றினால் தடம் பெரிதாகும், சிறிதாகும். வடிவம் அப்படியே இருக்கும், பிழையும் அப்படியே இருக்கும்.

அதற்கு ஒரு சோதனை இடம் வேண்டும். வெறும் மேப் ஒன்றில் சமமான பெரிய சுவர் ஒன்றை நிறுத்துங்கள். துப்பாக்கி முனையிலிருந்து சுவர் சரியாக 10 மீட்டர் தள்ளி இருக்கட்டும். ஈர்ப்பு, ரீகாயில் (சுட்டதும் துப்பாக்கி உதைப்பது), நடக்கும்போது கூடும் சிதறல், குறிபார்த்தால் குறையும் சிதறல் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். மவுஸ் அசையாதபடி குறியை ஸ்கிரிப்ட்டிலேயே கட்டிவையுங்கள். குண்டு பட்ட இடத்தில் மறையாத குறி ஒன்று விழ வேண்டும்.

10 மீட்டர் என்று சொல்வதற்குக் காரணம், கணக்கு சுலபம். நடுக்கோட்டிலிருந்து 1 டிகிரி விலகினால் சுவரில் 17.5 சென்டிமீட்டர். 5 டிகிரிக்கு 87 சென்டிமீட்டர். 10 டிகிரிக்கு 1.76 மீட்டர். உங்களுக்கு வேண்டிய கோணத்துக்கு உரிய வட்டத்தைச் சுவரில் முன்கூட்டியே வரைந்து வைத்துவிட்டால், பாதிப் பிழைகள் முதல் பார்வையிலேயே தெரியும்.

## சிதறலைப் பூஜ்யமாக்கியும் சிதறுகிறது

இந்தச் சோதனையைத்தான் முதலில் செய்ய வேண்டும். கோணத்தை 0 என்று வைத்தால் 200 குண்டும் ஒரே ஓட்டையில் விழ வேண்டும். விழவில்லை என்றால் ரேண்டம் (தற்செயல் எண்) நிரலில் தேடிப் பயனில்லை, கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

ஷாட்கன் மோட்களில் இதற்கு வழக்கமான காரணம், பெல்லட்டுகள் (ஒரே சுடலில் சேர்ந்து வரும் சிறு குண்டுகள்) எல்லாம் ஒரே ஃபிரேமில் ஒரே இடத்தில் பிறப்பது. ஒவ்வொன்றுக்கும் மோதல் வடிவம் உண்டு. ஒன்றுக்குள் ஒன்று புதைந்த பொருள்களை இயற்பியல் எஞ்சின் பலமாகத் தள்ளி விலக்கும். பார்ப்பதற்கு நல்ல சிதறல் போலவே இருக்கும், அதுதான் ஆபத்து. அதன் அளவு உங்கள் கையில் இல்லை. ஃபிரேம் ரேட் மாறினால் அதுவும் மாறிவிடலாம். பெல்லட்டுகளைத் தனி மோதல் அடுக்கில் போட்டு, அந்த அடுக்கு தன்னோடு தானே மோதாதபடி அமையுங்கள். சுட்டவரின் உடலையும் துப்பாக்கியையும் விலக்குப் பட்டியலில் சேருங்கள்.

ஒரே ஓட்டைதான், ஆனால் குறுக்குக் குறிக்கு வலப்பக்கம் கொஞ்சம் கீழே விழுகிறது என்றால் அது வேறு. குண்டு துப்பாக்கி முனையிலிருந்து, கேமரா பார்க்கும் திசைக்கு இணையாகப் போகிறது. முனைக்கும் கேமராவுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவோ அவ்வளவும் சுவரில் அப்படியே தெரியும். முதலில் கேமராவிலிருந்து ஒரு கதிரை விட்டு அது எங்கே படுகிறது என்று பாருங்கள். முனையிலிருந்து அந்தப் புள்ளிக்கான திசையைக் கணக்கிடுங்கள். அதற்குப் பிறகுதான் சிதறலைச் சேர்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றி, கேமராக் கதிருக்கே சிதறல் கொடுத்தால், கதிர் ஒருமுறை பக்கத்துத் தூணிலும் மறுமுறை தூரத்து மலையிலும் படும்போது முனையிலிருந்து போகும் திசை கண்டபடி தாவும்.

## என்ன எண் கொடுத்தாலும் நேராகவே போகிறது

கோணத்தை 45 ஆக்குங்கள். அப்போதும் ஒரே ஓட்டை என்றால் உங்கள் எண் எஞ்சினைச் சென்று சேரவே இல்லை. வேறொரு மோட் அதே ஆயுதத்தை உங்களுக்குப் பின்னால் ஏற்றி உங்கள் மதிப்பை மூடியிருக்கலாம், பழைய கேஷ் கோப்பிலிருந்து தரவு வரலாம், அல்லது நீங்கள் திருத்திய ஃபங்ஷனை அந்த ஆயுதம் அழைப்பதே இல்லாமல் இருக்கலாம். ஃபங்ஷனின் முதல் வரியில் லாகில் ஏதாவது எழுதச் சொன்னால் இது ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

லாக் வருகிறது, கோணமும் சரியாக வருகிறது, குண்டு மட்டும் நேராகப் போகிறது என்றால், பிறந்த பிறகு திருப்புகிறீர்கள். அன்ரியல் எஞ்சினில் இது அடிக்கடி நடக்கும். புரொஜெக்டைல் மூவ்மென்ட் காம்பொனென்ட் தன் வேகத்தைத் தொடங்கும் நேரத்திலேயே, குண்டு அப்போது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமாக அமைத்துக்கொள்கிறது. அதன் பிறகு குண்டைச் சுழற்றினால் உருவம் மட்டும் திரும்பும், வேகம் பழைய திசையிலேயே இருக்கும். சிதறிய திசையைக் கணக்கிட்டு, அதையே பிறக்கும்போது தரும் சுழற்சியாகக் கொடுங்கள். இல்லையென்றால் வேக வெக்டரையும் சேர்த்து மாற்றுங்கள்.

இன்னொன்று: சிதறல் இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. டிகிரி கேட்கும் ஃபங்ஷனுக்கு 0.05 என்று ரேடியன் (கோணத்தின் இன்னோர் அலகு) மதிப்பைக் கொடுத்தால் 10 மீட்டரில் விலகல் 9 மில்லிமீட்டர்தான். குறியின் அகலமே அதைவிடப் பெரிதாக இருக்கும்.

## குண்டுகள் பக்கவாட்டிலும் பின்னாலும் பறக்கின்றன

இது மேலே சொன்னதன் மறுபக்கம். 1 ரேடியன் 57.3 டிகிரி. 5 டிகிரி என்று நினைத்து 5 என்று கொடுத்ததை எஞ்சின் ரேடியனாக எடுத்துக்கொண்டால் அது 286 டிகிரி. யூனிட்டி எஞ்சினில் குவாட்டர்னியன்.ஆய்லர் டிகிரி கேட்கும், ஆனால் மேத்எஃப்.சைன் ரேடியன் கேட்கும். இரண்டும் ஒரே ஃபங்ஷனுக்குள் அடுத்தடுத்த வரிகளில் வருவது சர்வசாதாரணம். அன்ரியலின் விரேண்ட்கோன் ரேடியன் கேட்கும். அதன் படவழி நிரல் முறையான புளூபிரிண்ட்டில் டிகிரிக்கு ஒரு நோடும் ரேடியனுக்கு ஒரு நோடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். என் கருத்து என்னவென்றால், கான்ஃபிக் கோப்பில் மனிதர் எழுதும் எண் எப்போதும் டிகிரியாக இருக்கட்டும், வேரியபிளின் பெயரிலேயே அலகைச் சேர்த்து எழுதுங்கள், ரேடியனாக மாற்றும் வேலை ஒரே ஓர் இடத்தில் நடக்கட்டும்.

குண்டுகள் பின்னால் போகவில்லை, ஆனால் வரைந்து வைத்த வட்டத்தைவிடத் தடம் சரியாக இரண்டு மடங்கு பெரிது அல்லது பாதி என்றால், முழுக்கோணமா அரைக்கோணமா என்ற குழப்பம். விரேண்ட்கோன் கேட்பது அரைக்கோணம். சோர்ஸ் எஞ்சினில் 5 டிகிரிக் கூம்பு என்று பெயர் வைத்திருக்கும் மாறிலியின் மதிப்பு 0.04362, அது 2.5 டிகிரியின் சைன், அதாவது அங்கே 5 என்பது முழுக்கோணம், எண்ணோ கோணமே அல்ல. ஃபேக்டோரியோவில் டைரக்‌ஷன் டீவியேஷன் ரேடியனில் தரும் முழு வீச்சு, அதில் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். ஆர்மா 3-இல் டிஸ்பெர்ஷன் ரேடியன், அங்கே 0.001 என்றால் 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர். மைன்கிராஃப்டில் அம்புக்குக் கொடுக்கும் இனாக்யுரசி எண் டிகிரியும் இல்லை, ரேடியனும் இல்லை, உள்ளே ஒரு சிறிய மாறிலியால் பெருக்கப்படும் எண். வீரரின் வில்லுக்கு 1, டிஸ்பென்சருக்கு 6. ஒரு விளையாட்டிலிருந்து இன்னொன்றுக்கு ஆயுதத்தைக் கொண்டுபோகும்போது இந்த எண்களை அப்படியே தூக்கி வைக்க முடியாது. 10 மீட்டர் சுவரில் அளந்து பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

## ஒவ்வொரு ஷாட்டும் வேறு திசை, ஆனால் பெல்லட்டுகள் எல்லாம் ஒட்டிக்கொண்டே போகின்றன

ரேண்டம் எண்ணை லூப்புக்கு வெளியே ஒரே முறை எடுத்துவிட்டு, உள்ளே எல்லா பெல்லட்டுக்கும் அதையே கொடுக்கிறீர்கள். எடுக்கும் வரியை லூப்புக்குள் நகர்த்தினால் தீர்ந்தது.

ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது என்றால் ஒவ்வொரு பெல்லட்டுக்கும் ஜெனரேட்டரை (ரேண்டம் எண்களை உண்டாக்கும் நிரல்) புதிதாகத் தொடங்குகிறீர்கள். கணினியின் நேரத்தை சீடாக (தொடக்க எண்ணாக) கொடுத்து லூப்புக்குள் தொடங்கினால், முழு லூப்பும் ஒரே மில்லிசெகண்டில் முடிந்துவிடுவதால் எல்லாவற்றுக்கும் ஒரே சீட், ஒரே எண். சி ஷார்ப்பில் பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கின் மேல் ஓடும் விளையாட்டுகளில், லூப்புக்குள் புதிய ரேண்டம் பொருள் உருவாக்கினால் இதேதான் நடக்கும். ஜெனரேட்டர் ஒன்றை மோட் ஏறும்போது ஒரு தடவை உருவாக்கி வைத்துக்கொண்டு, அதிலிருந்தே எடுத்துக்கொண்டிருங்கள்.

விளையாட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் முதல் பத்துக் குண்டுகள் அச்சடித்தாற்போல் ஒரே இடங்களில் விழுகின்றனவா? சீட் கொடுக்கவே இல்லை. கோடோ எஞ்சினின் 3-ஆம் பதிப்பில் ரேண்டமைஸ் ஃபங்ஷனை நாமே அழைக்க வேண்டும். கோடோ 4 தானாகவே செய்துகொள்கிறது.

## கட்டம் போட்டதுபோல் சில புள்ளிகளில் மட்டும் விழுகிறது

200 குண்டு சுட்டும் சுவரில் ஒன்பதே குறி. லூவாவில் மேத்.ரேண்டமுக்கு −1, 1 என்று இரண்டு எண் கொடுத்தால் திரும்பி வருவது முழு எண்: −1, 0, 1. இரண்டு அச்சுக்கும் மும்மூன்று வாய்ப்பு, மொத்தம் ஒன்பது புள்ளி. கேரிஸ் மோடில் தசம எண்ணுக்காகவே மேத்.ரேண்ட் என்று தனி ஃபங்ஷன் இருக்கிறது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருப்பதால் மாறிப் போகும். சாதாரண லூவாவில் எதுவும் கொடுக்காமல் அழைத்து, 0 முதல் 1 வரை வரும் எண்ணை 2-ஆல் பெருக்கி 1 கழியுங்கள்.

யூனிட்டியில் இதே பிழை வேறு முகத்தோடு வரும். ரேண்டம்.ரேஞ்ச் முழு எண்களைப் பெற்றால் மேல் எல்லையைச் சேர்க்காது. −1, 1 என்று எழுதினால் வருவது −1 அல்லது 0 மட்டும். சுவரில் நாலு புள்ளி, எல்லாம் இடப்பக்கமும் ஒரே உயரப் பக்கமுமாக. எண்ணுக்குப் பின்னால் எஃப் போட்டு −1எஃப், 1எஃப் என்று எழுதிவிட்டால் தசம வடிவம் வேலைக்கு வரும்.

புள்ளிகள் நிறைய இருக்கின்றன, ஆனால் எல்லாம் குறிக்கு மேலே வலப்பக்கக் கால்பகுதியிலேயே விழுகின்றன என்றால், 0 முதல் 1 வரையிலான எண்ணை நடுவுக்கு இழுக்காமல் அப்படியே சேர்த்திருக்கிறீர்கள்.

## தடம் சதுரமாக இருக்கிறது, அல்லது எல்லாம் நடுவிலேயே குவிகிறது

கிடைக்கோணத்துக்கு ஒரு ரேண்டம், செங்குத்துக் கோணத்துக்கு ஒரு ரேண்டம் என்று தனித்தனியாக எடுத்தால் சதுரம்தான் வரும். சதுரத்தின் மூலை, விளிம்பின் நடுவைவிட 41 சதவீதம் தள்ளி இருக்கிறது. 5 டிகிரி என்று சொன்ன துப்பாக்கி மூலையில் 7 டிகிரி வரை விலகும். தூரத்து இலக்கில் இதை வீரர்கள் உணர்வார்கள், ஏனென்று சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

வட்டமாக்க எளிய வழி: 0 முதல் 360 டிகிரிக்குள் ஒரு சுற்றுக்கோணம், 0 முதல் 1-க்குள் ஒரு ஆரம். ஆனால் இப்படி நேரடியாக எழுதினால் அடுத்த பிழை வந்து நிற்கும். பாதிக் குண்டுகள் பாதி ஆரத்துக்குள் விழும். அந்த உள்வட்டமோ மொத்தப் பரப்பில் கால்பங்குதான். அதனால் நடுவில் அடர்த்தியாகவும் ஓரத்தில் பஞ்சமாகவும் தெரியும். ஆரத்துக்கு எடுத்த ரேண்டம் எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்துக்கொண்டால் வட்டம் முழுக்க ஒரே சீராக நிரம்பும். வர்க்கமூலம் பிடிக்கவில்லை என்றால் சதுரத்துக்குள் ஒரு புள்ளி எடுத்து, வட்டத்துக்கு வெளியே விழுந்தால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுங்கள். 100-இல் 78 முறை முதல் தடவையிலேயே உள்ளே விழும். யூனிட்டியில் இன்சைட்யூனிட்சர்க்கிள் இதையெல்லாம் தானே செய்து தருகிறது. கூம்பு மிக அகலமாக, முப்பது நாற்பது டிகிரிக்கு மேல் இருந்தால் மட்டும் தட்டை வட்டக் கணக்கு பிசகத் தொடங்கும். அப்போது கோணத்தின் கோசைனை, அரைக்கோணத்தின் கோசைனுக்கும் 1-க்கும் நடுவில் சீராக எடுக்க வேண்டும்.

சீராக நிரம்பிய வட்டம் என்பது கணக்குக்குச் சரி. ஆயுதத்துக்குச் சரியா என்பது தனிக் கேள்வி. ஷாட்கனுக்கு அது பொருந்தும். ரைஃபிளுக்கு எனக்கு அது பிடிப்பதில்லை. குறி பார்த்துச் சுட்ட குண்டு ஓரத்தில் விழவே அதிக வாய்ப்பு இருக்கிறது என்றால் ஆடுகிறவருக்குத் தன் உழைப்பு வீணானதாகத் தோன்றும். நடுவில் கொஞ்சம் கூடுதலாக விழச் செய்ய வேண்டும், அதைத் தெரிந்தே செய்ய வேண்டும். 1993-இல் வந்த டூம் இதை மிகச் சிக்கனமாகச் செய்தது. 0 முதல் 255 வரை இரண்டு ரேண்டம் எண் எடுத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தார்கள். விடை 0-க்குப் பக்கத்தில் அதிகம் வரும், ஓரங்களில் அபூர்வமாக வரும், எல்லை ஒருபோதும் தாண்டாது. பிஸ்டலுக்கும் ஷாட்கனுக்கும் அது இரண்டு பக்கமும் ஏறக்குறைய 5.6 டிகிரி. அந்த ஷாட்கனின் ஏழு பெல்லட்டுகளும் கிடையாக மட்டுமே சிதறின. உயரச் சிதறல் அடுத்த ஆண்டு டூம் 2-இன் இரட்டைக்குழல் துப்பாக்கியோடுதான் வந்தது. சுவரில் ஒரே படுக்கைக் கோடு என்பது அங்கே பிழை அல்ல, அப்படித்தான் வடிவமைத்திருந்தார்கள்.

காசியன் பரவலை (நடுவில் குவிந்து ஓரத்தில் மெலியும் மணி வடிவப் பரவல்) பயன்படுத்தினால் தடம் இயல்பாகத் தெரியும், ஆனால் எல்லை இல்லை. இரண்டு அச்சிலும் காசியன் எடுத்தால் மூன்று சிக்மா (சிக்மா என்பது அந்தப் பரவலின் திட்ட விலக்கம்) வட்டத்துக்கு வெளியே 100-க்கு ஒன்றுக்கு மேல் விழும். வேகமாகச் சுடும் துப்பாக்கியில் அது சில விநாடிகளுக்கு ஒருமுறை கண்ணில் படும். அதை நிறுத்த எல்லையில் வெட்டினால், வெட்டுப்பட்ட குண்டுகள் எல்லாம் வட்ட விளிம்பில் ஒரு வளையமாகத் தெரியும். வெட்டாதீர்கள், எல்லையைத் தாண்டினால் புதிதாக ஒன்று எடுங்கள்.

## திரும்பிச் சுட்டால் தடத்தின் வடிவம் மாறுகிறது

வடக்கே பார்த்துச் சுட்டால் அழகான வட்டம். கிழக்கே திரும்பினால் செங்குத்தாக ஒரு கோடு. இடையில் நின்றால் நீள்வட்டம். சிதறலை உலக அச்சுகளில் சேர்த்திருக்கிறீர்கள். குண்டு எக்ஸ் அச்சின் வழியாகவே போகும்போது எக்ஸில் சேர்க்கும் ரேண்டம் எண் அதைப் பக்கவாட்டில் தள்ளாது, வேகத்தைத்தான் கூட்டிக் குறைக்கும். சோதனையை ஒரே சுவரில் முடித்துக்கொள்கிறவர்களுக்கு இது தெரியாமலே போய்விடும். அதனால் நாலு பக்கச் சுவரிலும், அப்புறம் கூரையிலும் தரையிலும் சுட்டுப் பாருங்கள்.

கூரையில்தான் இதன் தம்பி ஒளிந்திருக்கிறான். உலக அச்சுகளை விட்டுவிட்டு யா (இடவலத் திருப்பம்), பிட்ச் (மேல்கீழ்ச் சாய்வு) கோணங்களில் ரேண்டம் சேர்த்தால் நாலு சுவரிலும் தடம் சரியாக இருக்கும், ஆனால் அண்ணாந்து சுடச்சுட அகலம் குறையும். 60 டிகிரி மேல்நோக்கிப் பார்த்தால் யா மாற்றத்தின் பலன் பாதிதான். 80 டிகிரியில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே கூட. நேர் மேலே பார்க்கும்போது யா எவ்வளவு மாறினாலும் குண்டு இருந்த இடத்திலேயே சுழலும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே: சிதறலைக் குண்டின் சொந்தத் திசையைச் சுற்றிக் கட்டுங்கள். குறித்திசையையும் உலகின் மேல்திசையையும் குறுக்குப் பெருக்கினால் வலத்திசை கிடைக்கும். அதை ஒன்றாம் நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். வலத்திசையையும் குறித்திசையையும் மறுபடி குறுக்குப் பெருக்கினால் மேல்திசை. பெருக்கும் வரிசை மாறினால் கூட்டல் கழித்தல் குறி மாறும், ஆனால் வட்டச் சிதறலுக்கு அது பொருட்டல்ல. இப்போது குறித்திசையோடு, வலத்திசை × ஆரம் × சுற்றுக்கோணத்தின் கோசைன், மேல்திசை × ஆரம் × சுற்றுக்கோணத்தின் சைன் இரண்டையும் கூட்டுங்கள். இங்கே ஆரம் என்பது அரைக்கோணத்தின் டேஞ்சென்ட்டை மேலே சொன்ன வர்க்கமூலத்தால் பெருக்கியது. கூட்டி வந்த திசையின் நீளத்தை மறுபடி 1 ஆக்கி, அப்புறம் வேகத்தால் பெருக்குங்கள்.

நேர் மேலேயோ நேர் கீழேயோ சுடும்போது குறித்திசையும் உலக மேல்திசையும் ஒரே கோட்டில் வந்துவிட, குறுக்குப் பெருக்கல் பூஜ்யம் தரும். அதன் நீளத்தை 1 ஆக்கப் போனால் எண்ணே இல்லாத மதிப்பு வந்து குண்டு காணாமல் போகும். இரண்டின் புள்ளிப் பெருக்கல், கழித்தல் குறியைப் பாராமல், 0.99-ஐத் தாண்டினால் மேல்திசைக்குப் பதில் வேறொரு அச்சை எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவின் வலத்திசையும் மேல்திசையும் எஞ்சினிலேயே கிடைக்கிறது என்றால் இந்த வேலையே வேண்டாம், அதையே பயன்படுத்துங்கள்.

மைன்கிராஃப்ட் இதில் வேறு வழியில் போகிறது. திசையின் நீளத்தை 1 ஆக்கி, உலகின் மூன்று அச்சிலும் ஒரே அளவு ரேண்டம் சேர்த்து, அப்புறம் வேகத்தால் பெருக்குகிறது. மூன்று அச்சிலும் சேர்ப்பதால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தடம் ஏறக்குறைய ஒன்றுபோல் வரும். அதற்குக் கொடுக்கும் விலை, அம்புக்கு அம்பு வேகம் மிகச் சிறிதளவு மாறுவது. சிறிய சிதறலுக்கு அது போதும். இனாக்யுரசியை 40, 50 என்று ஏற்றுகிறவர்களுக்குத்தான் சில அம்புகள் சோம்பலாகவும் சில சீறியும் போவது தெரியும்.

## சுடச்சுடக் குறி விலகிக்கொண்டே போகிறது

முதல் சில குண்டுகள் சரி. ஐம்பதாவது குண்டு எங்கோ போகிறது. சிதறல் சேர்த்த திசையை அடுத்த குண்டுக்கு மூலத் திசையாக எடுத்துக்கொள்கிறீர்கள். ஒவ்வொரு விலகலும் முந்தையதன் மேல் ஏறுவதால், 100 குண்டுகளுக்குப் பின் சராசரி விலகல் பத்து மடங்கு.

பெரும்பாலும் இது தெரிந்து செய்வதல்ல. வெக்டர் எப்படி நடந்துகொள்கிறது என்பதில் ஒளிந்திருக்கும். மைன்கிராஃப்டின் புக்கிட், பேப்பர் பிளகின்களில் வெக்டரின் ஆட் ஃபங்ஷன் புதிய வெக்டர் தராது, இருப்பதையே மாற்றிவிடும். லூப்புக்கு வெளியே ஒரு திசையை வாங்கி உள்ளே ஆட் செய்தால், ஒவ்வொரு பெல்லட்டும் முந்தையதைத் தொடர்ந்து விலகும். முதலில் குளோன், அப்புறம் ஆட். கேரிஸ் மோடில் ஆங்கிளின் ரொட்டேட்அரவுண்ட்ஆக்சிஸும் அப்படியே, இருப்பதைத்தான் சுழற்றும். துப்பாக்கி முனையின் டிரான்ஸ்ஃபார்மையே திருப்பிச் சுட்டுவிட்டுத் திரும்ப வைக்க மறப்பதும் இதே குடும்பம். திசையை எப்போதும் ஒரு நகலில் மாற்றுங்கள்.

## நடுவில் மட்டும் ஒரு குண்டு தவறாமல் விழுகிறது

விளையாட்டின் சொந்தக் குண்டும் சேர்ந்து சுடுகிறது. டெராரியாவுக்கு மோட் ஏற்றும் டிமோட்லோடரில், ஷூட் ஹூக்கில் (சுடும் நேரத்தில் விளையாட்டு அழைக்கும் உங்கள் ஃபங்ஷன்) உங்கள் பெல்லட்டுகளைச் சுட்டுவிட்டு இறுதியில் ஃபால்ஸ் திருப்பி அனுப்ப வேண்டும். ட்ரூ அனுப்பினால் வழக்கமான குண்டும் சிதறலே இல்லாமல் கூடவே போகும். ஒரே ஒரு குண்டைச் சிதறடிக்க மட்டும்தான் தேவை என்றால் மாடிஃபைஷூட்ஸ்டாட்ஸ் ஹூக்கில் வேகத்தை மாற்றினால் போதும்.

## குண்டு பறக்கும்போதே நெளிகிறது

ரேண்டம் வரி, ஒவ்வொரு ஃபிரேமும் ஓடும் அப்டேட் அல்லது டிக் ஃபங்ஷனுக்குள் இருக்கிறது. பிறக்கும் இடத்துக்கு நகர்த்துங்கள். குண்டு நேராகப் போகிறது, உருவம் மட்டும் பழைய திசையைப் பார்த்துக்கொண்டு சறுக்குகிறது என்றால் வேகத்தை மட்டும் மாற்றிச் சுழற்சியை விட்டிருக்கிறீர்கள்; அன்ரியலில் ரொட்டேஷன் ஃபாலோஸ் வெலாசிட்டி என்ற தேர்வை இயக்கினால் சரியாகும்.

## தனியாக ஆடினால் சரி, சேர்ந்து ஆடினால் தடம் வேறுவேறு

உங்கள் திரையில் குண்டு எதிரியின் தோளில் படுகிறது, சர்வர் படவில்லை என்கிறது. கிளையன்ட்டும் சர்வரும் தனித்தனியே ரேண்டம் எடுக்கின்றன. இதற்குத் தீர்வு விளையாட்டுக்கு விளையாட்டு வேறு, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த எண்ணை எடுக்கும் உரிமை யாருடையது?

மைன்கிராஃப்டில் அது சர்வர். உலகம் கிளையன்ட் பக்கமா என்று பார்த்து, இல்லையென்றால் மட்டும் அம்பைப் பிறப்பியுங்கள். அந்தச் சோதனை இல்லாவிட்டால் யாரையும் தொடாத பேய் அம்புகள் கூடவே பறக்கும். டெராரியாவில் சுட்டவரின் கணினிதான் ஷூட் ஹூக்கை ஓட்டும், பிறந்த குண்டு மற்றவர்களுக்கு அனுப்பப்படும், அதனால் அங்கே ரேண்டம் எடுப்பதில் சிக்கல் இல்லை. குண்டின் ஏஐ ஃபங்ஷனுக்குள் எடுத்தால்தான் சிக்கல்: அது எல்லாக் கணினியிலும் ஓடும். சொந்தக்காரரா என்று பார்த்து, அவர் மட்டும் எடுத்து, நெட்அப்டேட்டை ட்ரூ ஆக்குங்கள்.

கேரிஸ் மோடில் குண்டு தனிப் பொருளாகப் பறக்கிறது என்றால் சர்வரில் மட்டும் பிறப்பித்தால் போதும். இருபக்கமும் முன்கூட்டியே கணிக்கும் ஆயுதம் என்றால் யூட்டில்.ஷேர்ட்ரேண்டம் வேண்டும். அதில் ஒரு கண்ணி: ஒரே பெயரைக் கொடுத்து ஒரே டிக்கில் (விளையாட்டுக் கணக்கின் ஒரு சுற்றில்) எத்தனை முறை அழைத்தாலும் ஒரே எண்தான் வரும். அதைக் கவனிக்காமல் லூப்பில் போட்டால் பெல்லட்டுகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பெல்லட்டின் வரிசை எண்ணைக் கூடுதல் சீடாகக் கொடுங்கள், கிடைச் சிதறலுக்கும் உயரச் சிதறலுக்கும் வேறுவேறு பெயர் வையுங்கள்.

எல்லாக் கணினியும் ஒரே கணக்கை ஒரே நேரத்தில் தாமே போடும் விளையாட்டுகள் இன்னும் கறாரானவை. ஃபேக்டோரியோவின் மேத்.ரேண்டம் எல்லோருக்கும் ஒரே வரிசையில் எண் தரும்படி மாற்றப்பட்டது, அதனால் அதைத் தாராளமாக அழைக்கலாம். ஆனால் ஒரு கணினியில் மட்டும் நடக்கும் ஏதோ ஒன்றைப் பொறுத்து அழைத்தால், அந்தக் கணினி வரிசையில் ஓர் எண் முன்னால் போய்விடும். அதன் பிறகு எதுவும் ஒத்துப்போகாது.

டூமும் இந்த வகைதான். 256 எண்கள் கொண்ட நிலையான அட்டவணையிலிருந்து வரிசையாக எடுத்ததால்தான், வெறும் பொத்தான் அழுத்தங்களைப் பதிவுசெய்த டெமோ கோப்பு முழு ஆட்டத்தையும் அப்படியே திரும்ப ஓட்டியது. 1997-இல் அதன் மூலநிரல் வெளியானபோது, மேலே பாராட்டிய அந்தக் கழித்தல் வரியே சிக்கலானது. ஒரே கோவைக்குள் இரண்டு ஃபங்ஷன் அழைப்பு இருந்தால் எதை முதலில் ஓட்ட வேண்டும் என்று சி மொழி சொல்வதில்லை. கம்பைலர் மாறினால் வரிசை மாறலாம், வரிசை மாறினால் சிதறலின் கூட்டல் கழித்தல் குறி தலைகீழாகும், டெமோ தடம் புரளும். உங்கள் மோடிலும் ஒரே வரியில் இரண்டு ரேண்டம் அழைப்பு இருந்தால் முதல் எண்ணை ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டு, அடுத்த வரியில் இரண்டாவதை எடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு கணினிகள் ஒத்துப்போகவில்லை என்றால், ஒவ்வொரு டிக்கிலும் அதுவரை எத்தனை ரேண்டம் எண் எடுக்கப்பட்டது என்பதை இரண்டிலும் லாகில் எழுதி ஒப்பிடுங்கள். எண்ணிக்கை முதன்முதலாக வேறுபடும் டிக்கில் எந்தக் கணினி கூடுதலாக எடுத்தது என்று பார்த்து, அந்த அழைப்பைச் சுற்றியுள்ள நிபந்தனையைத் திறந்து படியுங்கள்.